நீருக்குக் கழிவு

தேயிலைத் தோட்டத்தை நேரில் அறியாத வாசகர்களுக்காக, கொழுந்து நிறுக்கும் தராசைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். மலையிலே கொழுந்து பறிக்கும் பெண், நாளொன்றுக்கு இரண்டு மூன்று தடவை தான் பறித்ததை நிறுவைக்குக் கொண்டுவருகிறாள். தராசு காட்டும் எண்ணை அப்படியே அவள் கணக்கில் எழுதிவிடுவதில்லை. சாக்குக்கு இவ்வளவு, முற்றல் இலைக்கு இவ்வளவு என்று கழிவு உண்டு. மழை நாளென்றால், இலையில் ஒட்டிய நீருக்கும் கழிவு உண்டு. எங்கள் பட்டிப்பொலப் பக்கத்தில் மழை பெய்யாத நாளிலும் மூடுபனி இலையை நனைத்துவிடும். ஆகவே நீருக்குக் கழிவு என்பது எங்களுக்கு ஏறத்தாழ அன்றாட வழக்கம். கழித்த பின்னர் குறித்த கிலோ நிறையாவிட்டால் அன்றைக்கு அரைப்பெயர்தான். முழு நாள் உழைத்தவளுக்கு அரை நாட் சம்பளம்.

என் தாயார் பதினாறு வயதில் பெயர் பதிந்து, ஐம்பத்தெட்டாவது வயது வரை அந்தத் தராசின் கீழ் வாழ்ந்தவர். இலையில் ஏறிய நீரை இவ்வளவு நுட்பமாகக் கணக்கிட்ட அந்த இடத்தில், அவருடைய மார்பில் ஏறிய நீரைக் கணக்கிட ஒருவரும் இருக்கவில்லை. படித்த மகளாகிய நானும் இருக்கவில்லை.

பட்டிப்பொல, இலங்கையிலேயே மிக உயரத்தில் அமைந்த புகையிரத நிலையம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1891 மீட்டர். ஹோட்டன் சமவெளிக்குச் செல்லும் உல்லாசப் பயணிகள் அந்தப் பெயர்ப் பலகையருகே நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அடுத்த சுரங்கத்தைக் கடந்தால் ஒஹிய. இந்தப் பக்கம் அம்பேவெலவின் பாற்பண்ணைகள். இடையிலே மரக்கறித் தோட்டங்களும் தேயிலைச் சரிவுகளும், சரிவுகளின் மடியில் லயங்களும். சனவரி மாதத்து விடியற்காலையில் புல்லின்மேல் உறைபனி வெள்ளை விரித்துக் கிடக்கும். இக்குளிரில் இருமலும் மூச்சு வாங்குதலும் லயத்திலே எவரையும் திடுக்கிட வைப்பதில்லை. ‘அதுக்கு இழுப்பு’ என்று சொல்லி எல்லோரும் பணியாரச் சட்டிக்கோ படங்குக்கோ திரும்பிவிடுவோம்.

2019 ஆம் ஆண்டளவில் அம்மாவுக்கும் ‘இழுப்பு’ வந்தது. ஏற்றத்தில் இருமுறை நின்று ஏறத் தொடங்கினார். இரவில் இரண்டு தலையணை கேட்டார், பிறகு மூன்று. நாளடைவில், படுத்தால் இருமல் வருகிறதென்று அடுப்படியில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தே உறங்கப் பழகினார். அதை நான் கண்ணாற் கண்டேன். அடுப்பின் சூடு அவருக்கு இதமாக இருக்கிறதென்று எண்ணிக்கொண்டேன். படுக்க முடியாமல் எழுந்து உட்காரும் மூச்சுத் திணறல், பலமிழந்த இருதயத்தின் முதன்மையான அடையாளங்களுள் ஒன்று என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். பாடசாலையிலே பதினோராம் தரத்து மாணவருக்குச் சொற்பொருள் கற்பிக்கிற நான், என் வீட்டு அடுப்படியில் இருந்த பொருளை வாசிக்கத் தவறினேன்.

இவ்விடத்தில் சொற்களைப் பற்றி ஒன்று கூறவேண்டியிருக்கிறது. தமிழ் படித்தவளின் பழக்கம் என்று வாசகர் பொறுத்துக்கொள்க. ‘இளைப்பு’ என்னும் நம் சொல் களைப்பையும் குறிக்கும், மெலிவையும் குறிக்கும், மூச்சு நோயையும் குறிக்கும். ‘நெஞ்சு’ என்றால் மார்பா, இருதயமா, தொண்டையா, மனமா என்பது சொல்பவரின் கை எங்கே போகிறது என்பதைப் பொறுத்தது. சிங்களத்தில் ‘ஹதிய’ என்னும் ஒரே சொல்லுக்குள் மூச்சு வாங்குவதும் அடங்கும், ஆஸ்மா நோயும் அடங்கும். தமிழில் ‘மேமூச்சு வாங்குது’ என்று அம்மா சொல்வார். அதனை வரிசையில் நிற்கும் யாரோ ஒருவர் ‘ஹதிய’ என்று சிங்களத்தில் மாற்றுவார். அது வைத்தியரின் ஆங்கிலத்தில் மூன்றாம் முறை உருமாறிக் கிளினிக் கொப்பியில் ஏறும். மூன்று மொழிகளைக் கடந்து சென்ற அம்மாவின் இருதயம், ஆஸ்மாவாக மாறியிருந்தது. மூன்று ஆண்டுகள் அவர் உறிஞ்சு மருந்து பாவித்தார்.

இன்னொன்றும் உண்டு. சொல் இருந்தாலும் அம்மா எல்லாவற்றையும் சொல்லக்கூடியவர் அல்லர். சொன்னால் கிளினிக்குக்குப் போகச் சொல்வார்கள். போனால் ஒரு பெயர் இல்லாமற் போகும். 2021 ஆம் ஆண்டில் நாட்சம்பளம் 1000 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டபோது, ஒரு கிளினிக் நாள் என்பது ஆயிரம் ரூபாயும் பஸ் காசும் என்றாயிற்று. மூச்சு வாங்குகிறதா என்று கேட்டால், ‘அதெல்லாம் இல்ல சாமி’ என்பதுதான் விடை. வைத்திய நூல்கள் ‘நோயாளி கூறும் வரலாறு’ என்பதற்கு முதலிடம் கொடுக்கின்றன. வரலாறு கூறுவதற்கும் ஒரு பொருளாதாரம் இருக்கிறது.

2022 ஆம் ஆண்டின் நடுப்பகுதியை இலங்கையர் யாரும் மறக்கமாட்டார்கள். எரிபொருள் இல்லை, பாடசாலைகள் மூடப்பட்டன, பஸ் எப்போதாவது வந்தது. மருந்துத் தட்டுப்பாடும் சேர்ந்துகொண்டது. அம்மா இரண்டு கிளினிக்குகளைத் தவறவிட்டார். ஓகஸ்ட் மாதத்து இரவொன்றில், ஒரு மணியளவில், என்னைப் பெயர் சொல்லி அழைத்தார். எப்போதும் ‘புள்ள’ என்பவர் பெயர் சொல்லி அழைத்ததே எனக்கு அச்சத்தைத் தந்தது. கதவைத் திறந்து வாசற்படியில் உட்கார்ந்து, வாயைத் திறந்து, அந்தக் குளிர்காற்றை அள்ளி விழுங்கிக்கொண்டிருந்தார். முகத்தில் வியர்வை. இருமியபோது வாயிலிருந்து நுரை வந்தது. இந்நாட்டின் உயர்ந்த மலையொன்றில், ஒரு துளி மழையும் இல்லாத இரவில், அவர் நீரில் மூழ்கிக்கொண்டிருந்தார்.

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தோம். இந்திய உதவியுடன் 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பிறகு நாடெங்கும் விரிந்த அந்த அம்பியூலன்ஸ் சேவை எங்கள் வீதி வரை வந்தது. லயத்திலிருந்து வீதி வரை, அம்மாவை நாற்காலியில் இருத்தி நான்கு இளைஞர்கள் தூக்கி வந்தார்கள். அவர்களுள் இருவர் என் மாணவர்கள்.

வைத்தியசாலையில் நடந்ததைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதத் தொடங்கினேன். இளம் பெண் வைத்தியர் ஒருவர், சிங்களவர், உடைந்த தமிழ் பேசுபவர். அம்மாவின் கொப்பியைப் புரட்டினார். ‘ஆஸ்மா’ என்று பார்த்தார். அதோடு நிற்கவில்லை. வயிற்றுப் பிள்ளையைப் பார்க்கும் ஸ்கேன் கருவி போன்ற ஒன்றை உருட்டி வந்தார். அம்மாவின் மார்பில் பசைபோன்ற ஜெல்லைத் தடவி, விலா எலும்புகளின் இடைவெளிகளில் கருவியின் முனையை வைத்து, வலப்புறம் நான்கு இடங்கள், இடப்புறம் நான்கு இடங்கள் பார்த்தார். இரண்டு மூன்று நிமிடங்களுக்கு மேற் செல்லவில்லை. பிறகு திரையை என் பக்கம் திருப்பினார். திரையின் மேற்பகுதியில் ஒரு வெண்கோடு. அதிலிருந்து கீழ் விளிம்பு வரை, மூச்சுக்கு மூச்சு ஆடியபடி, வெண்கதிர்கள் இறங்கின. மூடுபனிக் காலையில் சவுக்கு மரங்களின் இடையே விழும் வெயிற் கதிர்களை ஒத்திருந்தன அவை. ‘இது தண்ணி, டீச்சர். எல்லாம் தண்ணி. இது ஹதிய இல்ல, ஹாட்’ என்றார்.

அந்த மூன்று சிறு வாக்கியங்களுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. நீரை வெளியேற்றும் ஊசி போடப்பட்டது. விடியும்போது அம்மா படுத்திருந்தார். சாய்ந்து உட்காரவில்லை; படுத்திருந்தார். மூன்று ஆண்டுகளின் பின் அவர் படுத்துறங்கியதை அன்றுதான் பார்த்தேன்.

அதன் பிறகு இந்தக் கதிர்களைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன். கலைப்பட்டதாரிக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன்.

இருதயம் பலமிழந்தால், நுரையீரலிலிருந்து வரும் இரத்தத்தை முழுமையாக ஏற்று முன்னே தள்ள அதனால் இயலாது. பின்னால் அழுத்தம் கூடும். மெல்லிய குழாய்களிலிருந்து நீர் கசிந்து நுரையீரலின் இழைகளில் ஊறும். கண்ணறைகளுக்குள் நீர் நிறைந்து மூச்சு முட்டுவது கடைசிக் கட்டம். அதற்கு முன்னரே, சில வேளை நாட்களுக்கும் வாரங்களுக்கும் முன்னரே, இழைகளில் ஊறல் தொடங்கிவிடும். அக்காலத்தில் நோயாளி ‘சுகமாக இருக்கிறேன்’ என்பார். கால் வீங்கியிராது. மார்பில் வைத்துக் கேட்டால் சத்தமும் இராது. 1989 இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று இவ்வகையில் புகழ்பெற்றது. நெடுநாள் இருதய நோயாளருள், நுரையீரல் இரத்தக் குழாய்களின் அழுத்தம் மிக உயர்ந்திருந்த 43 பேரில் 18 பேரிடம், மார்பில் சத்தமோ கால் வீக்கமோ கழுத்து நரம்புப் புடைப்போ ஒன்றுமே காணப்படவில்லை என்று அது காட்டியது. அனுபவமிக்க வைத்தியரின் கையும் காதும் பத்தில் நான்கு பேரைத் தவறவிடக்கூடும் என்பது அதன் பொருள்.

காதைப் பற்றிப் பேசுகையில் லெனெக்கை நினைக்காமல் இருக்க முடியாது. 1816 இல் பாரிஸ் நகரில், இளம் பெண்ணொருத்தியின் மார்பில் நேரே காதை வைத்துக் கேட்கத் தயங்கிய அந்த வைத்தியர், காகிதத்தைச் சுருட்டி அதன் வழியே கேட்டார். இருதய ஒலி முன்னிலும் தெளிவாகக் கேட்டது. அதுவே ஸ்டெதஸ்கோப்பின் பிறப்பு. 1819 இல் அது பற்றிய தம் நூலை வெளியிட்டார்; 1826 இல் தாமே காசநோயால் இறந்தார். நம்முடைய முன்னோர் கோப்பித் தோட்டங்களுக்காக இம்மலைகளில் ஏறத் தொடங்கியதும் அதே 1820 களில்தான். அவர்கள் வந்து 200 ஆண்டுகள் நிறைந்ததை 2023 இல் நினைவுகூர்ந்தோம். இந்த இருநூறு ஆண்டுகளில் மார்பை அறியும் கலை எவ்வளவோ முன்னேறியிருக்கிறது. தோட்டத்து டிஸ்பென்சரிக்கு வந்து சேர்ந்தது இன்னமும் லெனெக்கின் கருவியே.

செவிக்கு எட்டாத ஒலியை அனுப்பி அதன் எதிரொலியால் மறைந்த பொருளை அறியும் முறை, முதலாம் உலக யுத்தத்தில் நீர்மூழ்கிகளைக் கண்டுபிடிப்பதற்காக வளர்க்கப்பட்டது. அதற்கு அடித்தளமிட்டவர் பிரெஞ்சு விஞ்ஞானி போல் லான்ஜவான். பாசிசத்தை எதிர்த்தமைக்காக 1940 இல் சிறை சென்றவர். பின்னர் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தவர். யுத்தத்துக்குப் பிறந்த அறிவு சமாதானத்தில் வயிற்றுப் பிள்ளையைப் பார்க்கும் கருவியாயிற்று. ஆனால் நுரையீரல் மட்டும் நெடுங்காலம் அதற்கு அப்பாற்பட்டதாகவே கருதப்பட்டது. நுரையீரலில் இருப்பது காற்று. காற்றில் இவ்வொலி ஊடுருவாது. போர்த்திய சவ்விலேயே பட்டுத் திரும்பிவிடும். ஆகவே திரையில் தெரிவதெல்லாம் பொய்த்தோற்றம் என்று பாடநூல்கள் ஒதுக்கிவிட்டன.

அந்தப் பொய்த்தோற்றத்தையே வாசிக்கலாம் என்று காட்டியவர்களுள் முதன்மையானவர், பாரிஸ் நகரத்துத் தீவிர சிகிச்சை வைத்தியர் டானியல் லிக்டன்ஸ்டைன். உலர்ந்த நுரையீரலில், சவ்வின் நிழல்போலக் கிடைக்கோடுகள் ஒரே இடைவெளியில் அடுக்கடுக்காகத் தெரியும். இழைகளில் நீர் ஊறினால் ஒலி அங்கே சிக்கி முன்னும் பின்னும் மோதி எதிரொலிக்கும். அதனால் சவ்விலிருந்து கீழ்நோக்கி வெண்கதிர்கள் இறங்கும். இன்று இவற்றை ‘பி’ கோடுகள் என்கிறார்கள். 1997 இல் லிக்டன்ஸ்டைனும் அவர் கூட்டாளிகளும் இதை எழுதினார்கள். 2012 இல் பல நாட்டு வல்லுநர்கள் கூடி, ஒரு விலாவிடைவெளியில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட கதிர்கள் தெரிந்தால் அவ்விடத்தில் ஊறல் உண்டெனக் கொள்ளலாம் என்று அளவுகோல் வகுத்தார்கள். எண்ணத் தெரிந்தவர் பார்க்கலாம் என்ற நிலைக்கு அது வந்துவிட்டது.

பார்ப்பது ஒன்று, பார்த்ததைக் கொண்டு மருந்தை நடத்துவது வேறொன்று. அதையும் சோதித்திருக்கிறார்கள். 2019 இல் பார்சலோனா நகரத்து வைத்தியர்கள் 123 நோயாளரை இரு பிரிவாக்கி வெளியிட்ட ஆய்வு என்னை மிகவும் கவர்ந்தது. இருதயம் தளர்ந்து வைத்தியசாலையில் தங்கித் திரும்பியவர்கள் அவர்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான கிளினிக். மற்றப் பிரிவினருக்குக் கிளினிக்கோடு நுரையீரல் ஸ்கேனும். கதிர்களின் தொகையைப் பார்த்து நீர்க்குளிசையைக் கூட்டுவதோ குறைப்பதோ வைத்தியரின் பொறுப்பு. ஆறு மாத முடிவில், அவசரமாக வைத்தியசாலைக்கு ஓடுதல், மீண்டும் படுக்கை, மரணம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால், ஸ்கேன் பிரிவினருக்கு ஆபத்து ஏறத்தாழப் பாதியாக இருந்தது. 2020 இல் மெக்சிக்கோ நகரத்திலிருந்து 126 பேரைக் கொண்ட ஆய்வும் அதே திசையில் முடிவு கூறியது. நேர்மையாகச் சொல்லவேண்டுமானால், இரண்டிலும் பெருமளவு குறைந்தது அவசர வருகைகளே. மரணம் குறைந்ததென்று இவை நிறுவவில்லை. ஆய்வுகளும் சிறியவை. கதிர்கள் இருதயத்தால் மட்டும் வருவனவுமல்ல. நியூமோனியாவிலும் நுரையீரல் தழும்பிலும் வரும். மார்பைப் பார்த்தாலும் மனிதரை முழுதாகப் பார்க்கும் வைத்தியர் வேண்டும்.

ஆயினும் ‘அவசர வருகை குறைந்தது’ என்பதை ஏதோ சிறு நன்மை போல எழுதிச் செல்லும் கட்டுரைகளைப் படிக்கையில் எனக்குச் சிரிப்பு வரும். பார்சலோனாவில் அவசர வருகை என்பது வீதியில் இறங்கி ஒரு வாகனத்தில் ஏறுவதாக இருக்கலாம். எங்கள் லயத்தில் அது நாற்காலியும் நான்கு இளைஞர்களும் நடு இரவும்.

அந்த வைத்தியர் அம்மாவை ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுகள் கிளினிக்கில் பார்த்தார். முதன்முறை, இரண்டு வாரங்களின் பின் போனபோது, அம்மா நன்றாக இருந்தார். கால் வீக்கம் இல்லை. ஸ்டெதஸ்கோப்பில் ஒன்றும் கேட்கவில்லை என்று வைத்தியரே சொன்னார். பிறகு ஸ்கேன் முனையை வைத்தார், ஐந்தாறு கதிர்கள். குளிசையை ஒன்றிலிருந்து இரண்டாக்கினார். அடுத்த மாதம் கதிர்கள் இல்லை. இரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் சற்றுக் களைத்திருப்பதாகத் தெரிந்தது. குளிசை மீண்டும் ஒன்றாயிற்று. கூட்டுவதற்குப் போலவே குறைப்பதற்கும் துணிவு வேண்டும் என்பதை அன்றுதான் உணர்ந்தேன். நீர்க்குளிசையை மிகுதியாகக் கொடுத்தால் உடல் வறளும், பொட்டாசியம் இறங்கும், சிறுநீரகம் கெடும். குறைவாகக் கொடுத்தால் மார்பு நிறையும். இவ்விரு வரம்புகளுக்கும் இடையிலே கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதற்கும் பார்த்து நடப்பதற்கும் உள்ள வேறுபாடு அது. அந்த ஒன்றரை ஆண்டில் அம்மா ஒரு நாளாவது வைத்தியசாலையில் தங்கவில்லை. தோட்டத்து மாரியம்மன் கோவில் வரை நடந்தார். கருவாட்டை மட்டும் விடுவதற்குப் பெரும் போராட்டம் நடத்தவேண்டியிருந்தது. கட்டைச்சம்பலில் உப்பைக் குறைத்தபோது இரண்டு நாட்கள் என்னோடு பேசவில்லை.

2024 இன் தொடக்கத்தில் அந்த வைத்தியர் இடமாற்றம் பெற்றுச் சென்றார். அரசாங்க வைத்தியர் எங்கும் நிலையாக இருப்பதில்லை, குற்றம் சொல்வதற்கில்லை. கருவி வைத்தியசாலையிலேயே இருந்தது. ஆனால் அது வார்ட்டுக்குரியது, கிளினிக்குக்குரியதன்று என்றார்கள். முன்பு அவர் தம் சொந்த முயற்சியால் அதை உருட்டிக்கொண்டு வந்தாராம். புதிதாய் வந்தவர் ஒரு காலைப்பொழுதில் நூற்றுக்கு மேற்பட்டவரைப் பார்க்கவேண்டியவர். ஸ்டெதஸ்கோப்பை வைத்தார், ‘சுத்தமாக இருக்கிறது’ என்றார், பழைய மருந்தையே மூன்று மாதத்துக்கு எழுதினார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குக் கேட்டது அவ்வளவுதான். ஏழு வாரங்களின் பின் மீண்டும் நாற்காலி, மீண்டும் இளைஞர்கள். இம்முறை ஒன்பது நாட்கள் வைத்தியசாலை. திரும்பி வந்தவர் கோவில் வரை நடப்பதில்லை. தண்ணீர்ப் பீலி வரை நடக்கிறார்.

இதை ஆசிரியர் நண்பர்களிடம் சொன்னபோது, ஒருவர் என்னோடு வாதிட்டார். ‘மலசலகூடம் இல்லாத லயத்துக்கு ஸ்கேன் கேட்கிறீர்களா? வீதியைக் கேளுங்கள், சம்பளத்தைக் கேளுங்கள். அதெல்லாம் வந்தால் இருதயமே கெடாது’ என்றார். அவர் கூற்றில் பெரிதும் உண்மையுண்டு. ஒரு காம்பராவில் ஏழெட்டுப் பேர் நெருங்கிக் கிடக்கும் வீட்டில், பிள்ளைகளின் தொண்டைப் புண் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தாவும், அதிலிருந்து வாதக்காய்ச்சல், அதிலிருந்து இருதய வால்வுக் கேடு. எங்கள் பக்கத்துக் காம்பராவில் இருந்த சித்தி ஒருவர் மூன்றாவது பிரசவத்தின் பின் மூச்சடைத்து இறந்தபோது நான் ஐந்தாம் வகுப்பில் படித்தேன். அவருக்கும் லயத்தார் இட்ட பெயர் ‘இழுப்பு’தான். சிறு வயதில் மூட்டு வீங்கிப் படுத்தவர் என்று அம்மா இப்போது நினைவுகூர்கிறார். அந்தச் சித்தியைக் காப்பாற்றியிருக்கக்கூடியது நல்ல வீடும் பென்சிலினுமே, ஸ்கேன் அன்று.

ஆனால் ஏழையின் ஒரு தேவையை எடுத்து அவனுடைய இன்னொரு தேவையை அடிக்கும் வாதத்தை நான் ஏற்கமாட்டேன். அந்த வாதம் எப்போதும் நம்மிடம் மட்டுமே கூறப்படுகிறது. கொழும்பில் எவரிடமும், ‘உங்கள் வீதியில் குழி இருக்கிறது, ஆகவே ஸ்கேன் வேண்டாம்’ என்று சொல்வதில்லை. அத்துடன், இக்கருவி முன்போல உருட்டிச் செல்லும் பெட்டியும் அன்று. 2018 இல், கைபேசியில் பொருத்திச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளக்கூடியதாக ஒன்று 2000 அமெரிக்க டொலருக்கும் குறைந்த விலையில் விற்பனைக்கு வந்தது. நமக்கு அது பெருந்தொகைதான். தேயிலைத் தொழிற்சாலையின் ஓர் இயந்திரத்தோடு ஒப்பிட்டால் சிறு தொகை. இதைக் கையாளப் பேராசிரியர் வேண்டியதில்லை. சுவீடனில் 2015 இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இருதயத் தளர்ச்சிக் கிளினிக்கின் தாதியரே சட்டைப்பைக் கருவியால் இக்கதிர்களைப் பார்த்தார்கள். கதிர்கள் தெரிந்தவர்களே பின்னர் அதிகம் துன்புற்றார்கள் என்பதையும் அவ்வாய்வு கண்டது. தாதியால் இயலுமானால், முறையான பயிற்சி தந்தால், எங்கள் டிஸ்பென்சரிக்கு வரும் மருத்துவமாதாலும் இயலும் என்பது என் கருத்து. படத்தைக் கைபேசியில் நகரத்து வைத்தியருக்கு அனுப்பலாம். குளிசையைக் கூட்டுவதும் குறைப்பதும் அவர் கையில் இருக்கட்டும்.

தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகளுக்கென்று 1872 இலேயே ஒரு சட்டம் பிறந்தது. 1912 இல் மீண்டும் சட்டங்கள் வந்தன. தொழிலாளி செத்தால் தொழில் நின்றுவிடும் என்ற கவலையே அவற்றைப் பெரிதும் இயக்கியது. அக்கவலையின் பயனாகத் தோட்டத்துக்கொரு டிஸ்பென்சரி எழுந்தது. நாட்டின் பொதுச் சுகாதாரம் ஒரு பக்கமும் தோட்டச் சுகாதாரம் மறுபக்கமுமாகப் பிரிந்து நின்றன. 1970 களில் தோட்டங்கள் அரசுடைமையானபோதும், 1992 இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போனபோதும், அந்தப் பிரிவு முற்றாக மறையவில்லை. அம்மா இப்போது ஓய்வுபெற்றவர். தொழில் நிற்குமே என்ற கவலைக்குக்கூட அவர் இனிமேல் உரியவர் அல்லர். அப்படியானால் அவர் மார்பைப் பார்ப்பது யாருடைய கவலை? இக்கேள்வியைச் சென்ற ஆண்டு எழுத்தில் கேட்டிருந்தேன். கடிதம் கிடைத்ததென்று பதில் வந்தது.

அதுவரை எங்களிடம் இருப்பது தராசு. நகரத்தில் ஒரு நிறை பார்க்கும் தராசு வாங்கி வந்தேன். காலையில் சிறுநீர் கழித்தபின், தேநீர் குடிக்குமுன், அம்மா அதன்மேல் ஏறி நிற்பார். மூன்று நாட்களுக்குள் இரண்டு கிலோ கூடினால் நீர் சேர்கிறதென்று பொருள். உடனே வரவேண்டும் என்று வைத்தியசாலையில் சொல்லியிருக்கிறார்கள். நல்ல முறைதான். ஆனால் முன்னைய வைத்தியர் புறப்படுமுன் என்னிடம் ஒன்று சொல்லியிருந்தார். அம்மாவைப் போல மெலிந்தவர்களிடம் தராசும் ஏமாற்றும். தசை கரைந்துகொண்டே போகும், அதே அளவு நீர் ஏறும், முள் அசையாமல் நிற்கும் என்றார். தசைக்கு எவ்வளவு, நீருக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லத் தராசுக்குத் தெரியாது.

ஆகவே எண்ணை எழுதிக்கொண்ட பிறகும் நான் அவரைப் பார்க்கிறேன். கணுக்காலை விரலால் அழுத்திப் பார்க்கிறேன். இரவில் எத்தனை தலையணை என்று எண்ணுகிறேன். அடுப்படியில் அவர் சற்று நேரம் சாய்ந்திருந்தாலும் எழுந்து போய்ப் பார்க்கிறேன். ‘சூட்டுக்குத்தான் இருக்கேன், போய்ப் படு’ என்று ஏசுகிறார்.

இன்று காலை 43.2. கம்பளியைப் போர்த்தியபடியே ஏறி நின்றார். நான் கொப்பியில் எழுதக் குனிந்தபோது, தராசின் மேலிருந்தே கேட்டார்:

‘கம்பளிக்குக் கழிச்சியா, புள்ள?’